கறுப்பினப் பெண் எழுத்தாளர்களின் மேடை வாசிப்பும் இசையும்

கறுப்பினப் பெண்கள் எழுதியவற்றைக் கூட்டத்தின் நடுவே உரக்க வாசித்தும், பாட்டும் வாத்தியமும் சேர்த்தும் நிகழ்த்தும் மரபு அமெரிக்க ஐக்கிய நாட்டில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் உருப்பெற்று, 1970களில் முழு வளர்ச்சி கண்டது. தேவாலயம், பள்ளிக்கூடம், வீட்டுக் கூடம், ஜாஸ் விடுதி, மதுக்கடை, பல்கலைக்கழக அரங்கு, பிராட்வே மேடை என்று அது நடந்த இடங்கள் மாறி வந்திருக்கின்றன. கரீபியன் தீவுகளிலும் பிரேசிலிலும் இதற்கு உறவான முயற்சிகள் உண்டு. புத்தகம் வந்த பிறகு அதை அறிமுகப்படுத்த நடக்கும் நிகழ்ச்சியாகவே இலக்கிய வரலாறுகள் இதைப் பெரும்பாலும் பார்க்கின்றன. அந்தப் பார்வை போதாது. பதிப்பகங்களும் விமர்சகர்களும் கண்டுகொள்ளாத காலங்களில் இந்தப் படைப்புகள் மக்களிடம் போய்ச் சேர்ந்ததே இந்த வழியில்தான். தமக்கு முன்னால் எழுதிய பெண்களின் பெயர் மறந்துபோகாமல் காத்ததில் இதற்குப் பெரும் பங்கு உண்டு.

தொடக்கம்

ஆப்பிரிக்க அமெரிக்கர் ஒருவர் இயற்றியதாக இன்று அறியப்படும் மிகப் பழைய பாடல் ஒரு பெண்ணுடையது. மாசசூசெட்ஸில் டீர்ஃபீல்டு என்ற ஊரில் அடிமையாக இருந்த லூசி டெரி, 1746இல் அங்கே நடந்த ஒரு தாக்குதலைப் பற்றிக் கதைப்பாடல் கட்டினார். நூறாண்டுக் காலம் அது வாய்மொழியாகவே வழங்கியது. 1850களில்தான் அச்சேறியது. லூசி டெரி 1821இலேயே இறந்துவிட்டார்.

புத்தகம் என்ற வடிவில் முதலில் வந்தவர் ஃபிலிஸ் வீட்லி. 1761இல் ஏழெட்டு வயதுச் சிறுமியாக மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் கொண்டுவரப்பட்டு பாஸ்டனில் விற்கப்பட்டவர். அவருடைய கவிதைத் தொகுப்பு 1773இல் லண்டனில் வெளிவந்தது. இவற்றை எழுதியது இந்தப் பெண்தான் என்று பாஸ்டன் பெரிய மனிதர்கள் 18 பேர் கையொப்பமிட்ட சான்றும் அதோடு சேர்த்து அச்சிடப்பட்டது. ஆளுநர் தாமஸ் ஹட்சின்சனும் வணிகர் ஜான் ஹான்காக்கும் அவர்களில் அடக்கம். இவ்வளவு சான்று கொடுத்தும் அமெரிக்காவில் அவருடைய இரண்டாவது தொகுப்புக்குப் பதிப்பாளர் கிடைக்கவில்லை. 1784இல் வறுமையில் இறந்தார். அவரைப் புதைத்த இடம் எது என்பது இன்றும் தெரியாது. பிற்காலத்தில் இந்த மரபு வீட்லியின் பெயரைத் திரும்பத் திரும்ப உச்சரித்ததற்கு இந்த வாழ்க்கைதான் காரணம்.

1831இல் பிலடெல்பியாவில் சுதந்திரமான கறுப்பினப் பெண்கள் ஓர் இலக்கியச் சங்கம் அமைத்தனர். உறுப்பினர்கள் தாம் எழுதியதைப் பெயர் போடாமல் ஒரு பெட்டியில் இடுவார்கள். கூட்டத்தில் அதை எடுத்து வாசித்துக் குறைநிறைகளைப் பேசுவார்கள். அடிமைகளுக்கு எழுதப் படிக்கக் கற்பிப்பதே குற்றம் என்று தென்மாநிலங்களில் சட்டம் இயற்றப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது.

ஃபிரான்சிஸ் ஹார்ப்பர்

மேடையையும் கவிதையையும் ஒன்றாக்கியவர் பால்டிமோரில் சுதந்திரமான பெற்றோருக்குப் பிறந்த ஃபிரான்சிஸ் எலன் வாட்கின்ஸ் ஹார்ப்பர் (1825–1911). 1854இல் அவருடைய கவிதைத் தொகுப்பு வந்தது. அதே ஆண்டு மெய்ன் மாநில அடிமை ஒழிப்புச் சங்கம் அவரைச் சொற்பொழிவாளராக அமர்த்தியது. அன்று முதல் ஊர் ஊராகப் போனார். பேச்சின் நடுவே தம் கவிதைகளைச் சொல்வார். கூட்டம் முடிந்ததும் புத்தகம் விற்பார். வந்த பணத்தில் ஒரு பகுதி, அடிமைகள் வடக்கே தப்பிச் செல்ல உதவிய ரகசிய அமைப்புக்குப் போய்ச் சேரும். குறிப்புத் தாள் எதுவும் இல்லாமல், கைகளை அதிகம் அசைக்காமல், நிதானமாகப் பேசினார் என்று நேரில் கேட்டவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள்.

உள்நாட்டுப் போர் முடிந்ததும் அவர் தெற்கே போனார். விடுதலை பெற்ற மக்களின் தேவாலயங்களிலும் பள்ளிகளிலும் குடிசைகளிலும் பேசினார். பெண்கள் மட்டும் கூடிய இடங்களில் கட்டணம் வாங்காமல் பேசினார். அங்கே அவர் கேட்ட குரல்கள் 1872இல் வெளிவந்த தென்னக வாழ்க்கைச் சித்திரங்களில் குளோயி அத்தை என்ற பாத்திரமாகத் திரும்பி வந்தன. குளோயி அத்தைக்கு அறுபது வயது நெருங்குகிறது. இந்த வயதில் எதற்குப் படிப்பு என்று மற்றவர்கள் தடுக்கிறார்கள். அவர் மூக்குக்கண்ணாடி ஒன்று வாங்கிக்கொண்டு உட்கார்ந்து, பைபிளை வாசிக்கும் வரை விடவில்லை. பிறகு தனக்கென்று ஒரு குடிசையும் தேடிக்கொள்கிறார். இந்தக் கவிதைகளின் சந்தம் தேவாலயத் துதிப்பாடல்களின் சந்தம். எழுத்தறியாதவருக்கும் இரண்டு தரம் கேட்டால் மனத்தில் நிற்கும். ஹார்ப்பரின் நடை பழையது, எளியது என்று பின்வந்த விமர்சகர்கள் ஒதுக்கினர். யார் கேட்பதற்காக அவர் எழுதினார் என்பதை அவர்கள் கணக்கில் எடுக்கவில்லை.

ஹார்ப்பர் காலத்து மேடைகளில் தோன்றிய சோஜர்னர் ட்ரூத் எழுத்தறியாதவர். துதிப்பாடல்களைப் பாடியே கூட்டத்தைத் தன் வசப்படுத்தினார். ஹாலி க்வின் பிரவுன் பேச்சுக்கலையை முறையாகக் கற்று, ஐரோப்பாவிலும் வாசிப்பு நிகழ்த்தினார். 1890களில் பல நகரங்களில் தோன்றிய கறுப்பினப் பெண்கள் மன்றங்கள் வீட்லியின் பெயரைச் சூட்டிக்கொண்டன. கவிதை ஒப்புவித்தலும் பியானோவும் பாட்டும் அவர்களின் மாலைக் கூட்டங்களில் இடம்பெற்றன.

ஹார்லெம் காலம்

1924 மார்ச் 21 அன்று நியூயார்க்கின் சிவிக் கிளப்பில் ஒரு விருந்து நடந்தது. எழுத்தாளர் ஜெஸ்ஸி ஃபோசெட்டின் முதல் நாவல் வெளிவந்ததைக் கொண்டாடுவதற்காகத் திட்டமிட்ட விருந்து அது. கவிஞர் க்வெண்டலின் பென்னெட் ஃபோசெட்டுக்கு அர்ப்பணித்து எழுதிய கவிதை அங்கே வாசிக்கப்பட்டது. ஆனால் ஆண் எழுத்தாளர்களும் பதிப்பாளர்களும் அடுத்தடுத்துப் பேச, விருந்து புதிய தலைமுறையின் அறிமுக விழாவாக மாறியது. ஃபோசெட் கடைசியில் சிறிது பேசியதோடு சரி. ஹார்லெம் மறுமலர்ச்சி எனப்படும் கறுப்பினக் கலை இலக்கிய எழுச்சியின் தொடக்கமாக வரலாறு இந்த இரவைக் குறிக்கிறது. யாருடைய நாவலுக்காக விருந்து ஏற்பாடானது என்பதைப் பல நூல்கள் சொல்வதில்லை.

அதே ஆண்டுகளில் வாஷிங்டனில் கவிஞர் ஜார்ஜியா டக்ளஸ் ஜான்சன் சனிக்கிழமை இரவுகளில் தம் வீட்டைத் திறந்துவைத்தார். அரசு அலுவலகத்தில் பகல் வேலை. கணவர் இறந்த பின் இரண்டு மகன்களைப் படிக்கவைக்க வேண்டிய பொறுப்பு. இவற்றுக்கு இடையே எஸ் தெருவிலிருந்த அவர் வீட்டுக் கூடத்தில் லாங்ஸ்டன் ஹ்யூஸ், ஸோரா நீல் ஹர்ஸ்டன், ஏஞ்செலினா வெல்ட் கிரிம்கே போன்ற எழுத்தாளர்கள் தம் கையெழுத்துப் படிகளை வாசித்தார்கள்.

ஹர்ஸ்டன் ஒருபடி மேலே போனார். ஃபுளோரிடாவிலும் பஹாமாஸிலும் தாம் சேகரித்த உழைப்புப் பாடல்களையும் நடனங்களையும் 1932 ஜனவரி 10 அன்று நியூயார்க்கின் ஜான் கோல்டன் அரங்கில் மேடையேற்றினார். ரயில் பாதை போடும் கூலிகளின் ஒரு நாளை விடியலிலிருந்து நள்ளிரவு வரை காட்டும் நிகழ்ச்சி அது. 1939இல் ஃபுளோரிடாவில் நாட்டுப்பாடல் பதிவு நடந்தபோது ஹர்ஸ்டன் தாமே பாடினார். அந்தக் குரலை இன்றும் கேட்கலாம். 1960இல் அவர் இறந்தபோது கல்லறைக்குக் கல் வைக்கவும் வழியில்லை. 1973இல் எழுத்தாளர் ஆலிஸ் வாக்கர் ஃபோர்ட் பியர்ஸ் இடுகாட்டில் களைகளுக்கு நடுவே தேடிப் போய் ஒரு கல் நட்டார்.

1967 முதல் 1972 வரை

1950இல் புலிட்சர் பரிசு பெற்ற முதல் கறுப்பினத்தவர் சிகாகோ கவிஞர் க்வெண்டலின் புரூக்ஸ். 1967இல் ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தில் நடந்த எழுத்தாளர் மாநாட்டில் இளைஞர்களின் வேகத்தைப் பார்த்த பிறகு அவருடைய பாதை மாறியது. ஐம்பது வயதில், இளம் கவிஞர்களோடு சிகாகோவின் மதுக்கடைகளுக்குள் நுழைந்து கவிதை வாசித்தார். கேட்க வராதவர்கள் இருக்கும் இடத்துக்குக் கவிதை போக வேண்டும் என்பது அவர் முடிவு. தம் நூல்களைப் பெரிய பதிப்பகத்திலிருந்து எடுத்து, டெட்ராய்ட்டில் டட்லி ராண்டல் நடத்திய பிராட்சைடு பிரஸ் போன்ற கறுப்பினப் பதிப்பகங்களுக்குக் கொடுக்கத் தொடங்கினார்.

நாடகாசிரியர் லோரைன் ஹான்ஸ்பெரி 1965இல் 34 வயதில் புற்றுநோயால் இறந்தார். அவருடைய தோழியான பாடகி நீனா சிமோன், ஹான்ஸ்பெரியின் சொற்றொடர் ஒன்றையே தலைப்பாகக் கொண்டு ஒரு பாடல் அமைத்து, 1969 அக்டோபரில் நியூயார்க் ஃபில்ஹார்மானிக் அரங்கில் பாடினார். ஓர் எழுத்தாளருக்கான நினைவஞ்சலி நாடெங்கும் பாடப்படும் பாட்டாயிற்று.

இந்த ஆண்டுகளில் இசையோடு மிக நெருங்கியவர் கவிஞர் நிக்கி ஜியோவானி (1943–2024). தம் தொகுப்பைத் தாமே அச்சிட்டு, அதன் வெளியீட்டை பேர்ட்லேண்ட் ஜாஸ் விடுதியில் நடத்தினார். 1971இல் நியூயார்க் கம்யூனிட்டி காயர் என்ற தேவாலயப் பாணிப் பாடகர் குழுவோடு 'ட்ரூத் இஸ் ஆன் இட்ஸ் வே' என்ற இசைத்தட்டை வெளியிட்டார். அதற்காக ஹார்லெமின் கேனன் பாப்டிஸ்ட் தேவாலயத்தில் இலவச நிகழ்ச்சி நடந்தது. அக்காலத்துக் கோபக் கவிதைகளைத் தம் பாட்டி காதுகொடுத்துக் கேட்க மாட்டார் என்பது அவருக்குத் தெரியும். காஸ்பல் இசை சேர்ந்தால் கேட்பார் என்று எண்ணித்தான் இதைச் செய்ததாகச் சொல்லியிருக்கிறார். குழு பழைய துதிப்பாடலைத் தொடங்கும். அது உச்சத்துக்குப் போகும் நேரத்தில் கவிதை உள்ளே நுழையும். ஒரு வரி முடிந்ததும் பாட்டு பதில் சொல்லும். போதகர் பேச, சபை பதில் குரல் கொடுக்கும் தேவாலய வழக்கம்தான் இது. இளைஞர்களின் அரசியலுக்கும் முதியவர்களின் பக்திக்கும் நடுவே இருந்த இடைவெளியை இதைவிட நன்றாக அன்று யாரும் கடக்கவில்லை என்றே சொல்லலாம்.

கவிஞர் சோனியா சான்செஸ் குழந்தைப் பருவத்தில் திக்குவாய் உடையவராக இருந்தார். மேடையில் அவர் குரல் வாசிப்பிலிருந்து பாட்டுக்கும், பாட்டிலிருந்து ஓலத்துக்கும் போகும். 1970இல் வந்த தொகுப்பில் ஜாஸ் கலைஞர் ஜான் கோல்ட்ரேனுக்கு எழுதிய கவிதையில் எழுத்துகளை இழுத்து இழுத்து அச்சிட்டு, இந்த இடத்தை இன்ன மெட்டில் பாட வேண்டும் என்ற குறிப்புகளையும் சேர்த்தார். பக்கத்தைப் பார்த்தாலே எப்படிச் சொல்ல வேண்டும் என்பது தெரியும். சாரா வெப்ஸ்டர் ஃபேபியோ தம் பிள்ளைகள் வாசித்த இசைக்குழுவோடு 1972இலிருந்து ஃபோக்வேஸ் நிறுவனத்துக்காகக் கவிதைத் தட்டுகள் பதிந்தார். ஜேன் கோர்ட்டெஸ் (1934–2012) 1974இல் ரிச்சர்ட் டேவிஸின் பாஸ் வாத்தியத்தோடு தொடங்கி, பிறகு ஃபயர்ஸ்பிட்டர்ஸ் என்ற சொந்த இசைக்குழுவை நடத்தினார். அவர் மகன் டெனார்டோ கோல்மன் அதில் டிரம்ஸ் வாசித்தார்.

ஜாக்சன், 1973

இந்த வரலாற்றில் நடுநாயகமான நிகழ்ச்சி மிசிசிப்பி மாநிலத்தின் ஜாக்சன் நகரில் நடந்தது. 'என் மக்களுக்காக' என்ற 1942ஆம் ஆண்டுத் தொகுப்பால் புகழ்பெற்ற மார்கரெட் வாக்கர், ஜாக்சன் ஸ்டேட் கல்லூரியில் பேராசிரியர். வீட்லியின் நூல் வெளிவந்து இருநூறு ஆண்டு நிறைவதை ஒட்டி, 1973 நவம்பர் 4 முதல் 7 வரை அவர் ஃபிலிஸ் வீட்லி கவிதை விழாவைக் கூட்டினார். ஆட்ரி லார்ட், ஜூன் ஜோர்டன், லூசில் கிளிஃப்டன், மாரி எவன்ஸ், சோனியா சான்செஸ், நிக்கி ஜியோவானி, ஆலிஸ் வாக்கர், நவோமி லாங் மேட்ஜெட், கேரலின் ராட்ஜர்ஸ் என்று அன்றைய முக்கியமான கறுப்பினப் பெண் கவிஞர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் வந்தனர். சிற்பி எலிசபெத் காட்லெட் வார்த்த வீட்லியின் வெண்கலச் சிலை கல்லூரிக்குக் கிடைத்தது.

இடத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். மூன்றரை ஆண்டுகளுக்கு முன், 1970 மே மாதத்தில், அதே வளாகத்தில் பெண்கள் விடுதி முன்னால் காவல்துறை சுட்டதில் இரண்டு இளைஞர்கள் இறந்தார்கள். பன்னிரண்டு பேர் காயப்பட்டார்கள். நியூயார்க்கிலோ சிகாகோவிலோ நடத்தியிருந்தால் பத்திரிகைகள் இன்னும் அதிகம் எழுதியிருக்கும். மார்கரெட் வாக்கர் தம் மாணவர்கள் இருக்கும் இடத்துக்குக் கவிஞர்களை அழைத்துவந்தார். ஒருவரையொருவர் எழுத்தில் மட்டும் அறிந்திருந்தவர்கள் பலர் அங்கேதான் முதலில் சந்தித்தார்கள். 1924ஆம் ஆண்டு விருந்தில் ஃபோசெட்டுக்குக் கிடைக்காதது இங்கே கிடைத்தது: பெண்கள் தாமே அழைத்து, தாமே வாசித்து, தாமே கேட்ட சபை. அடுத்த ஆண்டு ஆலிஸ் வாக்கர் வெளியிட்ட, தாய்மாரின் தோட்டங்களைத் தேடும் கட்டுரையில் வீட்லிக்கு முக்கிய இடம் உண்டு. ஜாக்சனில் அந்த விழாவின் ஐம்பதாம் ஆண்டு 2023 நவம்பரில் கொண்டாடப்பட்டது.

பாட்டும் ஆட்டமும்

அதே 1973 நவம்பரில் வாஷிங்டனின் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் ஸ்வீட் ஹனி இன் த ராக் என்ற பெண்கள் குழு முதன்முதலாகப் பாடியது. குடிமை உரிமைப் போராட்டத்தில் சிறைக்குள் பாடிய பெர்னிஸ் ஜான்சன் ரீகன் அமைத்த குழு. வாத்தியம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. குரல்களும் கைத்தட்டலும் சிறு கைத்தாளங்களும்தான். ரீகன் ஜூன் ஜோர்டனின் சொற்களுக்கு மெட்டமைத்தார். அவற்றில் ஒன்றின் பயணம் சொல்லத்தக்கது. தென்னாப்பிரிக்காவில் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தும் பாஸ் சட்டங்களை எதிர்த்து 1956 ஆகஸ்ட் 9 அன்று சுமார் 20,000 பெண்கள் பிரிட்டோரியாவில் அணிவகுத்தனர். அந்த நாளின் நினைவாக ஜோர்டன் எழுதிய கவிதையை 1978 ஆகஸ்ட் 9 அன்று ஐக்கிய நாடுகள் சபையில் வாசித்தார். அதன் கடைசி வரியை ஸ்வீட் ஹனி பாட்டாக்கியது. 2006இல் ஆலிஸ் வாக்கர் தம் கட்டுரை நூலுக்கு அதைத் தலைப்பாக வைத்தார். 2008 தேர்தல் பிரசாரத்தில் பராக் ஒபாமா அதைக் கூட்டத்தில் சொன்னார். புத்தகக் கடையை மட்டும் நம்பியிருந்தால் ஒரு வரி இவ்வளவு தூரம் போயிருக்காது.

1974 டிசம்பரில் கலிஃபோர்னியாவில் பெர்க்லிக்கு அருகே பக்கனால் என்ற பெண்கள் மதுக்கடையில் கவிஞர் என்டோசாக்கே ஷாங்கே தம் கவிதைகளைச் சொல்ல, பாலா மாஸ் ஆடினார். அந்த நிகழ்ச்சி அங்கிருந்து கல்லூரிகள், காப்பிக் கடைகள், பிறகு நியூயார்க்கில் சாம் ரிவர்ஸ் நடத்திய ஜாஸ் கூடம் என்று நகர்ந்து, 1976 ஜூனில் பப்ளிக் தியேட்டரையும் செப்டம்பரில் பிராட்வேயின் பூத் தியேட்டரையும் அடைந்தது. பழுப்பு, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, ஊதா, நீலம், பச்சை ஆடைகளில் ஏழு பெண்கள்; அவர்களுக்குப் பெயர் இல்லை, நிறம்தான். இருபது கவிதைகள் பேச்சாகவும் பாட்டாகவும் ஆட்டமாகவும் வரும். ஷாங்கே இதை நாடகம் என்று சொல்லாமல் நடனக்கவிதை என்றார். பிராட்வேயில் 742 முறை நடந்தது. ஹான்ஸ்பெரிக்கு அடுத்தபடியாகத் தம் படைப்பு அங்கே மேடையேறிய இரண்டாவது கறுப்பினப் பெண் ஷாங்கே. கறுப்பின ஆண்களை இழிவுபடுத்துகிறது என்று அன்று எழுந்த கண்டனம் கடுமையானது. ஒவ்வொரு இரவும் அரங்கு நிறைய வந்த கறுப்பினப் பெண்கள் அந்தக் கேள்விக்கு வேறு பதில் வைத்திருந்தார்கள். 2022இல் அதே பூத் தியேட்டரில் கமில் ஏ. பிரவுன் இயக்கத்தில் மீண்டும் மேடையேறியது.

1977இல் புரூக்ளினில் ஜூன் ஜோர்டன் வீட்டில் கூடத் தொடங்கிய 'சிஸ்டர்ஹுட்' குழுவில் நாவலாசிரியர் டோனி மோரிசன், ஆலிஸ் வாக்கர், ஷாங்கே, சமையல் எழுத்தாளர் வெர்ட்டமே குரோவ்னர் முதலானோர் இருந்தனர். அந்தக் குழுவின் புகழ்பெற்ற புகைப்படத்தில் எழுத்தாளர்களுக்கு நடுவே ப்ளூஸ் பாடகி பெஸ்ஸி ஸ்மித்தின் படம் இருக்கிறது. தம் முன்னோடி எழுத்தாளர் என்று அவர்கள் ஒரு பாடகியை வைத்துக்கொண்டது தற்செயல் அல்ல. 1978இல் ஒலிவியா ரெக்கார்ட்ஸ் ஏற்பாடு செய்த சுற்றுப்பயணத்தில் கவிஞர் பாட் பார்க்கர், லிண்டா டில்லரி, மேரி வாட்கின்ஸ், க்வென் ஏவரி ஆகிய இசைக்கலைஞர்களோடு ஒரே மேடையில் தோன்றினார்.

பிற நாடுகள்

ஜமைக்காவில் லூயிஸ் பென்னெட் (1919–2006) மக்களின் பேச்சுமொழியான பட்வாவில் கவிதை சொல்லி, மேடையிலும் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் 'மிஸ் லூ' என்று நாடறிந்தவரானார். அவர் எழுதியதைக் கவிதை என்று ஏற்கப் படித்தவர்கள் தயங்கினார்கள். 1962இல் சுதந்திரத்தை ஒட்டி வந்த இலக்கியத் தொகுப்பில் அவரைக் கடைசியில், இதர வகைகளில் சேர்த்தார்கள். ரெகே தாளத்தில் எழுந்த டப் கவிதையில் பெண் குரலாக வந்த ஜீன் பின்டா பிரீஸ் (1956–2021) லூயிஸ் பென்னெட்டின் வழியில் வந்தவர். பிரேசிலில், சாவோ பாவுலோவின் குடிசைப் பகுதியில் பழைய காகிதம் பொறுக்கிப் பிழைத்த கரோலினா மரியா ஜி ஜெசூஸின் நாட்குறிப்பு 1960இல் நூலாகி உலகெங்கும் பேசப்பட்டது. அடுத்த ஆண்டே அவர் தாமே இயற்றிய பாடல்களைப் பாடி ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். அந்தத் தட்டைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

ஜேன் கோர்ட்டெஸும் கானா எழுத்தாளர் அமா அட்டா ஐடூவும் 1991இல் ஆப்பிரிக்கப் பெண் எழுத்தாளர் அமைப்பை நிறுவினர். அதன் சார்பில் 1997இல் நியூயார்க்கிலும் 2013இல் அக்ராவிலும் நடந்த யாரி யாரி மாநாடுகள் கண்டங்களைக் கடந்து எழுத்தாளர்களை ஒன்றுசேர்த்தன.

அண்மைக் காலம்

இத்தகைய நிகழ்ச்சிகள் பலவற்றில் ஒரு சடங்கு உண்டு. தொடங்கும் முன் ஒருவர் பாத்திரத்திலிருந்து சிறிது சிறிதாக ஒரு செடியின் மேல் நீர் வார்ப்பார். ஒவ்வொரு முறை வார்க்கும்போதும் சபையிலிருந்து ஒரு பெயர் எழும்: வீட்லி, ஹார்ப்பர், ஹர்ஸ்டன், ஹான்ஸ்பெரி. எல்லோரும் சேர்ந்து 'ஆஷே' (அப்படியே ஆகட்டும்) என்பார்கள். அதன் பிறகே முதல் கவிதை.

1994இல் ஜோவான் காபின் வர்ஜீனியாவின் ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகத்தில் புரூக்ஸுக்கு அர்ப்பணித்துக் கூட்டிய ஃபியூரியஸ் ஃபிளவர் கவிதை மாநாடு அதன்பின் பத்தாண்டுக்கு ஒருமுறை நடக்கிறது. நான்காவது 2024இல் நடந்தது. 2012 அக்டோபரில் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் நிக்கி ஜியோவானி, மாயா ஏஞ்சலோவுடனும் காபினுடனும் சேர்ந்து டோனி மோரிசனுக்கு விழா எடுத்தார். கவிஞர்கள் ஒருவர் பின் ஒருவராக மோரிசனின் பக்கங்களை வாசிக்க, மோரிசன் சபையில் அமர்ந்து கேட்டார். 2022இல் சாக்சஃபோன் கலைஞர் ஜேவன் ஜாக்சனோடு ஜியோவானி வெளியிட்ட தொகுப்பில் அவர் தேர்ந்தெடுத்த பழைய தேவாலயப் பாடல்களும் உள்ளன.

பெர்னிஸ் ரீகனும் அவர் மகள் டோஷி ரீகனும் ஆக்டேவியா பட்லரின் 1993ஆம் ஆண்டு நாவலான 'பாரபிள் ஆஃப் த சோவர்' கதையை இசை நாடகமாக்கினர். ஆன்மிகப் பாடலும் ப்ளூஸும் ராக்கும் கலந்த அந்த நாடகத்தில் டோஷியும் மேடையிலேயே கிடாரோடு அமர்ந்து பாடுகிறார். 2023இல் லிங்கன் சென்டரில் நடந்தது. 2024 ஜூலையில் தொடங்குவதாகப் பட்லர் எழுதிய கதை அது. அதே மாதத்தில் பெர்னிஸ் ரீகன் காலமானார்.

சிகாகோ பாடகியும் கவிஞருமான ஜமீலா வுட்ஸ் 2019இல் வெளியிட்ட 'லெகசி! லெகசி!' தொகுப்பில் பாடல்களின் தலைப்புகளே முன்னோடிகளின் பெயர்கள்: ஸோரா, ஜியோவானி, சோனியா, ஆக்டேவியா. அந்நகர இளைஞர்களுக்குக் கவிதை கற்பித்தவர் வுட்ஸ். முன்னோர் ஒருவரின் கவிதையை எடுத்துக்கொண்டு தன் குரலில் மறுபடி எழுதிப் பார்க்கும் பயிற்சியிலிருந்து, ஜியோவானியின் கவிதை ஒன்றை முன்வைத்து, அந்தத் தொகுப்பு வளர்ந்தது.